மெசூத் ஓசில்: இரு நாடுகளுக்கு நடுவே ஒரு கால்பந்து வாழ்க்கை

கால்பந்து பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மெசூத் ஓசில் என்ற பெயரைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தில் நின்று இரு கைகளையும் ஏந்தி துஆ கேட்கும் அவருடைய படத்தை, கால்பந்தே பார்க்காத பெரியவர்களும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்தோடு சேர்ந்து அவரைப் பற்றிய உண்மைகளும் வதந்திகளும் கலந்தே நம்மை வந்தடைந்தன. சிலர் அவரை உம்மத்தின் வீரர் என்று தூக்கிப் பிடித்தார்கள். சிலர் அரசியலில் சிக்கிக் கெட்டுப்போனவர் என்றார்கள். இரண்டு முடிவுக்கும் போகும் முன், அவருடைய வாழ்க்கையில் நடந்தவற்றை வரிசையாக அறிந்துகொள்வது நல்லது.

குடும்பமும் ஊரும்

மெசூத் ஓசில் 1988 அக்டோபர் 15 அன்று ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷென் நகரில் பிறந்தார். மெசூத் என்பது மஸ்ஊத் என்ற அரபுச் சொல்லின் துருக்கிய வடிவம். நற்பேறு பெற்றவர் என்பது அதன் பொருள்.

கெல்சென்கிர்ஷென், ரூர் பகுதியைச் சேர்ந்த பழைய நிலக்கரிச் சுரங்க நகரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் போதவில்லை. 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கிருந்து தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'விருந்தினர் தொழிலாளர்'. விருந்தினர் என்றால் ஒருநாள் திரும்பிப் போக வேண்டியவர் என்று பொருள். ஆனால் வந்தவர்கள் பலர் திரும்பவில்லை. குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள், பிள்ளைகள் பெற்றார்கள், பள்ளிவாசல்கள் எழுப்பினார்கள்.

ஓசிலின் குடும்பம் துருக்கியின் சொங்குல்டாக் மாகாணத்தில் உள்ள தெவ்ரெக் என்ற சிற்றூரைச் சேர்ந்தது. பாட்டனார் காலத்தில் ஜெர்மனிக்கு வந்த அந்தக் குடும்பத்தில் மெசூத் மூன்றாம் தலைமுறை. வசதியான வீடு அல்ல. வீட்டருகே நான்கு பக்கமும் கம்பி வேலி அடைத்த ஒரு சிறு திடல் இருந்தது. பந்து வெளியே போகாத அந்தக் கூண்டுக்குள், தம்மைவிடப் பெரிய பையன்களோடு ஆடித்தான் அவர் பழகினார். நெருக்கடியான இடத்தில் பந்தை இழக்காமல் வைத்திருக்கவும், கண நேரத்தில் சரியான ஆளுக்குத் தள்ளிவிடவும் கற்றுத்தந்தது அந்த இடமே.

கிளப் ஆட்டங்கள்

ரோட்வைஸ் எசன் கிளப்பின் இளையோர் அணியில் ஐந்து ஆண்டுகள் ஆடிய ஓசில், 2005இல் சொந்த ஊரின் பெரிய கிளப்பான ஷால்கேவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே அதன் முதன்மை அணியில் இடம் கிடைத்தது. ஒப்பந்தப் பேச்சு முறிந்ததால் 2008 ஜனவரியில் வெர்டர் பிரேமன் அணிக்கு மாறினார். 2009 ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லெவர்குசன் அணியை பிரேமன் 1-0 என வென்றபோது அந்த ஒரே கோலை அடித்தவர் அவர்தான்.

2010 உலகக் கோப்பை முடிந்ததும் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. பயிற்சியாளர் மொரீன்யோவின் கீழ் மூன்று ஆண்டுகள் ஆடினார். 2011இல் ஸ்பெயின் மன்னர் கோப்பையும், 2011-12 பருவத்தில் 100 புள்ளிகளோடு லா லிகா பட்டமும் அந்த அணிக்குக் கிடைத்தன. ரியல் மாட்ரிட்டுக்காக 159 ஆட்டங்களில் 27 கோல்கள் அடித்தார். ஆனால் அவருடைய மதிப்பு அவர் அடித்த கோல்களைவிட, மற்றவர்கள் கோல் அடிக்க அவர் எடுத்துக் கொடுத்த பந்துகளில்தான் இருந்தது. ரொனால்டோ போன்றவர்களுக்கு அந்தப் பந்துகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை அக்கால ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

2013 செப்டம்பரில் லண்டனின் ஆர்சனல் கிளப் சுமார் 4 கோடியே 25 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை எடுத்தது. அந்த கிளப் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு பணம் கொடுத்ததில்லை. ஒன்பது ஆண்டுகளாகக் கோப்பை எதையும் வெல்லாமல் இருந்த ஆர்சனல் 2014இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2015இலும் 2017இலும் மீண்டும் வென்றது. மூன்று இறுதி ஆட்டங்களிலும் ஓசில் ஆடினார். 2015-16 பிரீமியர் லீக் பருவத்தில் 19 கோல்களுக்கு அவர் வழி அமைத்துக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. ஆர்சனலுக்காக மொத்தம் 254 ஆட்டங்கள், 44 கோல்கள்.

அவர் மீது குறைகளும் சொல்லப்பட்டன. பந்தைப் பறிகொடுத்தால் ஓடிப் போராடுவதில்லை, பெரிய ஆட்டங்களில் காணாமல் போய்விடுகிறார், தோள்கள் தொங்கி நடக்கிறார் என்றார்கள். வேறு அணிகளின் ரசிகர்கள் மட்டுமல்ல, ஆர்சனல் ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் இதைச் சொன்னார்கள்.

ஜெர்மன் சீருடை

பிறந்த நாடு ஜெர்மனி, பூர்விகம் துருக்கி. இரண்டில் எந்த நாட்டுக்காகவும் அவர் ஆடியிருக்கலாம். இரட்டைக் குடியுரிமையை ஜெர்மன் சட்டம் எளிதாக அனுமதிக்காத காலம் அது. பொதுவாக எல்லோருக்கும் அந்த அனுமதி 2024 ஜூனில்தான் வந்தது. ஓசில் துருக்கியக் குடியுரிமையைக் கைவிட்டு ஜெர்மன் அணியைத் தேர்ந்தெடுத்தார். துருக்கியர் பலருக்கு அது பிடிக்கவில்லை.

2009 ஜூனில் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனி வென்றது. இறுதியில் இங்கிலாந்தை 4-0 எனத் தோற்கடித்த அந்த அணியில் ஓசில், கெதிரா, பொவாட்டெங், நோயர், ஹும்மல்ஸ் ஆகியோர் இருந்தார்கள். 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக ஓசில் அடித்த கோலே அந்த ஆட்டத்தை வென்று கொடுத்தது. ஜெர்மனி மூன்றாம் இடம் பெற்றது. துனிசியத் தந்தையின் மகன், கானா நாட்டுத் தந்தையின் மகன், போலந்தில் பிறந்தவர்கள், துருக்கியக் குடும்பத்தின் பேரன் எல்லோரும் சேர்ந்து ஆடிய அந்த அணியைப் புதிய ஜெர்மனியின் முகம் என்று பத்திரிகைகள் கொண்டாடின.

அதே ஆண்டு அக்டோபரில் பெர்லினில் ஜெர்மனியும் துருக்கியும் மோதின. அரங்கில் திரண்டிருந்த துருக்கிய ரசிகர்கள், ஓசில் பந்தைத் தொடும்போதெல்லாம் கூச்சலிட்டுப் பழித்தார்கள். அவர் கோல் அடித்தார். ஆனால் கொண்டாடவில்லை. ஆட்டம் முடிந்ததும் பிரதமர் அங்கேலா மெர்கல் உடை மாற்றும் அறைக்கே வந்து அவரோடு கைகுலுக்கினார். அந்தப் படம் நாடெங்கும் வெளியானது. சமூக ஒருங்கிணைப்புக்கான பாம்பி விருதும் அவ்வாண்டு அவருக்குக் கிடைத்தது.

2014 பிரேசில் உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய ஏழு ஆட்டங்களிலும் ஓசில் களமிறங்கினார். அல்ஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் கோல் அடித்தார். ஜூலை 13 அன்று மரக்கானா அரங்கில் அர்ஜென்டினாவை 1-0 என வென்று ஜெர்மனி கோப்பையை ஏந்தியது. நாட்டுக்காக மொத்தம் 92 ஆட்டங்களில் 23 கோல்கள் அடித்தார். ஜெர்மன் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த தேசிய அணி வீரர் பட்டம் அவருக்கு ஐந்து முறை கிடைத்தது.

மார்க்கமும் மைதானமும்

ஓசில் தமது மார்க்கத்தை மறைத்துக்கொண்டவர் அல்ல. ஆட்டத்துக்கு முன் குர்ஆன் வசனங்களை ஓதுவதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2016 மே மாதம் உம்ராச் செய்தபோது, இஹ்ராம் உடையில் கஃபாவின் முன் நிற்கும் படத்தை வெளியிட்டார். நமக்கு அது மகிழ்ச்சியான படம். ஜெர்மனியில் 'ஜெர்மனிக்கான மாற்று' என்ற தீவிர வலதுசாரிக் கட்சியினர் அதை நாட்டுப்பற்றுக்கு எதிரான செயலாகப் பேசினார்கள். தனி மனிதர் ஒருவர் தம் இறைவனை வணங்கச் சென்றதைக்கூட விசுவாசச் சோதனையாக மாற்ற முடியும் என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டிருப்பார்.

2014 உலகக் கோப்பை நடந்த நாட்களில் ரமலான் தொடங்கியது. தாம் வேலையில் இருப்பதால் நோன்பு நோற்கப் போவதில்லை என்று ஓசில் சொன்னார். இதைப் பிடித்துக்கொண்டு, 'ஓசிலே நோற்கவில்லையே' என்று வாதிட்ட இளைஞர்களும் உண்டு. பயணத்தில் இருப்பவர் நோன்பைப் பிற்படுத்திப் பின்னர் களாச் செய்துகொள்ளும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. ஆனால் வேலை என்பதும் பயணம் என்பதும் ஒன்றல்ல. வேலைக்காக நோன்பை விடலாமா என்ற கேள்விக்கான பதிலைக் கால்பந்து வீரரின் பேட்டியில் தேடக் கூடாது. அதை ஆலிம்களிடம் கேட்க வேண்டும்.

காஸா செய்தி

2014 கோப்பை வென்ற சில நாட்களில், ஓசில் தமது பரிசுத் தொகை முழுவதையும் காஸா மக்களுக்குக் கொடுத்துவிட்டார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. காஸா மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரம். நம்மில் பலரும் கண்கலங்கி அதைப் பகிர்ந்தோம். அது உண்மையல்ல என்று அவருடைய தரப்பே பின்னர் தெரிவித்தது.

உண்மையில் நடந்தது வேறு. உலகக் கோப்பைக்கு முன்பே பிரேசிலைச் சேர்ந்த 11 நோயுற்ற குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைச் செலவை அவர் ஏற்றிருந்தார். வெற்றி தமக்கு மட்டும் உரியதல்ல, அணி முழுவதற்கும் உரியது என்று சொல்லி, அணியினரின் எண்ணிக்கைக்கு ஏற்ப அதை 23 குழந்தைகளாக உயர்த்தினார். 2016இல் ஜோர்தானில் சிரிய அகதிகள் தங்கியிருந்த ஸாத்தரி முகாமுக்குப் போனார். 2019 ஜூனில் திருமணம் நடந்தபோது 1000 குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைக்கு உதவுவதாக அறிவித்தார்.

உண்மையே இவ்வளவு அழகாக இருக்கும்போது பொய் எதற்கு? ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்று நமக்குக் கட்டளை இருக்கிறது. நமக்குப் பிடித்த செய்திக்கும் அந்தக் கட்டளை பொருந்தும்.

லண்டனில் எடுத்த படம்

2018 மே 13 அன்று துருக்கி அதிபர் எர்துவான் லண்டனுக்கு வந்திருந்தார். ஓசிலும், ஜெர்மன் அணியின் மற்றொரு துருக்கிய வம்சாவளி வீரரான இல்காய் குந்தோவானும் அவரைச் சந்தித்துத் தங்கள் கிளப் சீருடைகளைப் பரிசளித்தார்கள். குந்தோவான் தமது சீருடையில் 'என் அதிபருக்கு' என்று எழுதியிருந்தார். படம் வெளியானதும் ஜெர்மனி கொந்தளித்தது.

அந்தக் கோபத்தில் முழுவதும் இனவெறிதான் இருந்தது என்று சொல்வது நியாயமாகாது. துருக்கியில் தேர்தலுக்கு ஆறு வாரங்களே இருந்தன. 2016 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பின் அங்கே பத்திரிகையாளர்கள் உட்பட ஏராளமானோர் கைதாகியிருந்தார்கள். ஜெர்மன் பத்திரிகையாளர் ஒருவரும் ஓராண்டு சிறையில் இருந்து, அப்போதுதான் வெளியே வந்திருந்தார். தேர்தல் நேரத்தில் தேசிய அணி வீரர்கள் இப்படிப் படம் எடுத்துக்கொண்டது சரியா என்று கேட்க ஜெர்மானியருக்கு உரிமை இருந்தது. ஆனால் கேள்வி அந்த எல்லையில் நிற்கவில்லை. ஓசிலின் பிறப்பையும் மார்க்கத்தையும் இழுத்து வைத்து ஏசினார்கள். அரங்குகளில் பழித்துக் கூவினார்கள்.

இரு வீரர்களும் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையரைச் சந்தித்தார்கள். குந்தோவான் பத்திரிகையாளரிடம் பேசி விளக்கம் அளித்தார். ஓசில் வாய் திறக்கவில்லை. ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் மெக்சிகோவிடமும் தென் கொரியாவிடமும் தோற்ற ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1938க்குப் பின் அந்த அணிக்கு அப்படி நேர்ந்ததில்லை. தோல்விக்குப் பொறுப்பாளியைத் தேடிய விரல்கள் பல ஓசிலை நோக்கி நீண்டன.

விலகல்

2018 ஜூலை 22 அன்று ஓசில் மூன்று பகுதிகளாக ஓர் அறிக்கை வெளியிட்டுத் தேசிய அணியிலிருந்து விலகினார். தமக்கு ஜெர்மன் இதயம் ஒன்றும் துருக்கிய இதயம் ஒன்றும் உண்டு என்றார். எங்கிருந்து வந்தோம் என்பதை மறக்கக் கூடாது என்று தாயார் கற்பித்ததை நினைவூட்டினார். எர்துவானைச் சந்தித்தது அரசியல் ஆதரவல்ல, தம் முன்னோரின் நாட்டில் உயர்ந்த பதவி வகிப்பவருக்குக் காட்டிய மரியாதை என்றார். போலந்துப் பின்னணி கொண்ட குளோசாவையும் பொடோல்ஸ்கியையும் யாரும் போலந்து-ஜெர்மானியர் என்று சொல்வதில்லை, தம்மை மட்டும் ஏன் துருக்கிய-ஜெர்மானியர் என்கிறார்கள், துருக்கி என்பதாலா, தாம் முஸ்லிம் என்பதாலா என்று கேட்டார். வெல்லும்போது தம்மை ஜெர்மானியராகவும் தோற்கும்போது குடியேறியவராகவும் பார்க்கிறார்கள் என்ற அவருடைய சொல் ஐரோப்பா முழுவதும் எதிரொலித்தது. ஜெர்மன் கால்பந்துச் சங்கத் தலைவர் ரைன்ஹார்ட் கிரிண்டலை அவர் பெயர் சொல்லிக் கண்டித்தார்.

இனவெறிக் குற்றச்சாட்டைச் சங்கம் மறுத்தது. பல ஆண்டுகள் உடன் ஆடிய டோனி குரோஸும் அதை ஏற்கவில்லை. பயர்ன் மியூனிக் தலைவர் உலி ஹோனஸ், ஓசில் பல ஆண்டுகளாகவே மோசமாக ஆடினார் என்று ஏளனம் செய்தார். மறுபுறம், ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த வெளிநாட்டு வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில், பள்ளியிலும் வேலைக்குப் போன இடத்திலும் வாடகை வீடு தேடியபோதும் தாங்கள் பட்ட அவமானங்களைச் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். ஒரு பெரிய நாடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்படி அந்த விலகல் செய்தது. ஓசிலை வெறுப்பிலிருந்து இன்னும் உறுதியாகக் காத்திருக்க வேண்டும் என்று கிரிண்டலும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

குந்தோவான் தொடர்ந்து ஆடினார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனியின் கேப்டனாகவும் இருந்தார். ஒரே படத்தில் நின்ற இருவர், இரண்டு வழிகளில் சென்றார்கள்.

உய்குர் முஸ்லிம்களுக்காக

2019 டிசம்பர் 13 அன்று, சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் ஒடுக்கப்படுவதைக் கண்டித்து ஓசில் ஒரு பதிவு வெளியிட்டார். குர்ஆன்கள் எரிக்கப்படுகின்றன, பள்ளிவாசல்கள் மூடப்படுகின்றன, ஆண்கள் முகாம்களில் அடைக்கப்படுகிறார்கள் என்று எழுதினார். மேற்கு நாட்டு ஊடகங்கள் பேசும்போதும் முஸ்லிம் உலகம் மௌனமாக இருக்கிறதே என்று நம்மையும் சேர்த்துக் கேட்டார்.

மறுநாளே ஆர்சனல் கிளப், அது ஓசிலின் சொந்தக் கருத்து, தாங்கள் அரசியலில் தலையிடுவதில்லை என்று விலகிக்கொண்டது. சீன அரசுத் தொலைக்காட்சி ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி ஆட்ட ஒளிபரப்பை நிறுத்தியது. சீனாவில் வெளியாகும் கால்பந்து வீடியோ கேம்களிலிருந்து அவர் நீக்கப்பட்டார். பொய்ச் செய்திகளை நம்பி ஏமாந்துவிட்டார் என்றது சீன வெளியுறவு அமைச்சகம். 2022 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, சின்ஜியாங்கில் நடப்பவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று கூறியது.

இந்தப் பதிவுக்காகவே ஆர்சனல் அவரை ஓரங்கட்டியது என்று நம் வட்டாரங்களில் சொல்வதுண்டு. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். பதிவுக்குப் பிறகும் 2020 மார்ச் வரை அவர் ஆர்சனலுக்காக ஆடினார். கொரோனா முடக்கத்துக்குப் பின் ஒரு ஆட்டத்திலும் அவரை இறக்கவில்லை. கால்பந்துக் காரணங்கள்தான் என்றார் பயிற்சியாளர் அர்டெட்டா. கிளப் கேட்ட சம்பளக் குறைப்பை அவர் ஏற்காததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் தராசு இல்லை. ஆனால் பேசினால் பெரிய சந்தை ஒன்றின் கோபம் வரும் என்று தெரிந்தே அவர் பேசினார். பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கடைசி ஆண்டுகள்

2021 ஜனவரியில், சிறு வயதிலிருந்தே தாம் நேசித்த இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே கிளப்பில் சேர்ந்தார். அங்கே காயங்களும் கருத்து வேறுபாடுகளும் தொடர்ந்தன. 2022இல் பஷக்‌ஷெஹிர் அணிக்குப் போய், 2023 மார்ச் 22 அன்று 34 வயதில் ஓய்வை அறிவித்தார். அவருக்கும் மனைவி அமினே குல்ஷேவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுடைய திருமணத்தில் எர்துவான் சாட்சியாக நின்றார். 2025இல் ஓசில் எர்துவானின் ஆளும் கட்சியில் பொறுப்பேற்றார். லண்டன் படத்தில் அரசியல் இல்லை என்று அவர் சொன்னதை நம்பாதவர்கள், இப்போது அதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஓய்வுக்குப் பின் வெளியான படமொன்றில் அவர் மார்பில் துருக்கியத் தீவிர தேசியவாதிகளின் ஓநாய்ச் சின்னம் பச்சை குத்தப்பட்டிருந்ததும் கண்டனத்துக்கு உள்ளானது. பச்சை குத்துவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதையும், இன வெறியை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜெர்மனியில் இனவெறியால் காயப்பட்டவர் என்பதற்காக இன்னோர் இனவாதச் சின்னத்தை நாம் ஏற்க முடியாது.

நம் வீடுகளுக்கு

பிள்ளைகளுக்கு ஓசிலைப் பற்றிச் சொல்லும்போது முழுவதையும் சொல்வோம். கம்பி வேலிக்குள் ஆடிய ஏழைச் சிறுவன் உழைப்பால் உலகக் கோப்பையைத் தொட்டதைச் சொல்வோம். கோடிக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் வெட்கப்படாமல் கையேந்தியதையும், தன் வெற்றியில் நோயுற்ற குழந்தைகளுக்குப் பங்கு கொடுத்ததையும், உய்குர் மக்களுக்காக வாய் திறந்ததையும் சொல்வோம். அவருடைய மௌனம் அவருக்கே தீங்காக முடிந்த இடத்தையும், அவர் செய்த தவறுகளையும் மறைக்க வேண்டாம். பிள்ளைகள் ஒரு விளையாட்டு வீரரை நேசிக்கலாம். வாழ்க்கைக்கு முன்மாதிரி யார் என்பது நமக்கு எப்போதோ சொல்லித்தரப்பட்டுவிட்டது.

தெவ்ரெக் ஊரில் ஓசிலின் பெயரில் ஒரு தெரு உண்டு. அதன் பெயர்ப் பலகையில் ஜெர்மன் சீருடையில் அவர் நிற்கும் படம் இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டு, எர்துவானோடு நிற்கும் படத்தை வைத்தார்கள். மனிதர் கொடுக்கும் மதிப்பு அந்தப் பலகையைப் போன்றதுதான், நாளைக்கே மாறிவிடும். மாறாத மதிப்பு யாரிடம் இருக்கிறதோ, அவனிடமே நம் பிள்ளைகளும் கையேந்தி நிற்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.